ஆறுமணிக்குருவியைக் கண்டுபிடிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஆறுமணிக்குருவி, ஆங்கிலத்தில் Indian Pitta, பல நிறம் கொண்ட சிறு பறவை. அதைத் தேடிப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் மரக்கிளைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது இரை தேடுவதோ தரையில், சருகுக்கு நடுவே. கிளைக்குப் போவது இரவில் உறங்கவும், குரல் கொடுக்கவும், மிரண்டால் ஒதுங்கவும்தான். அதனால் காதால் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு தரையைப் பார்ப்பதே சரியான வழி.

எப்போது, எங்கே

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இது கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தேடலாம். அடர்ந்த காடுதான் வேண்டும் என்றில்லை. நிழலும் புதரும் பெருக்கப்படாத சருகும் இருந்தால் போதும். சென்னைக்கு நடுவே கிண்டி தேசியப் பூங்காவிலும் இது தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

படி 1: குரலைப் பிடியுங்கள்

சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். குரல் தெளிவான இரட்டைச் சீழ்க்கை: ‘வ்வீட்... ட்யூ’. முதல் பகுதி மேலே ஏறும், அடுத்தது இறங்கும். ஓரிரு முறை கூவிவிட்டு அடங்கிவிடும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் பதில் வரும். மாலையிலும் இருட்டும் நேரத்தில் இப்படியே. விடிந்து வெகு நேரம் கழித்துப் போனால் குரலைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுவீர்கள். அதன்பின் பறவை அங்கேயே இருந்தாலும் தெரியாது.

கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். எதிரி நுழைந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு அந்த நேரம் விலை உயர்ந்தது.

படி 2: உட்காருங்கள்

குரல் வந்த திசையை நோக்கி நடக்காதீர்கள்; காலடியில் சருகு நொறுங்கும் சத்தமே விரட்டிவிடும். பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி, மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மங்கிய வெளிச்சத்துக்கு 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மி.மீ. லென்ஸும் கொண்ட பைனாகுலர் ஏற்றது. 10 மடங்கில் கை நடுக்கம் அதிகம் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும்.

அரை மணி நேரமாவது அசையாமல் இருங்கள். முதலில் கேட்பது சருகு புரளும் ஒலிதான். தத்தித் தத்தி வரும், நிற்கும், அலகால் ஓர் இலையைப் புரட்டிப் போடும், அடியிலிருக்கும் பூச்சியையோ புழுவையோ கவ்வும். நிற்கும்போதெல்லாம் குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் ஆடும். சருகுக்குள் கண்ணில் முதலில் படுவது பல சமயம் அந்த அசைவுதான்.

படி 3: உறுதி செய்யுங்கள்

நீளம் ஏறக்குறைய 19 செ.மீ.; மைனாவைவிடச் சிறியது. நீண்ட கால்கள், இல்லாதது போன்ற வால். படங்களில் அதன் ஒன்பது நிறங்களும் மின்னுவதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்: நிழலில் பச்சை முதுகு புதரோடு கலந்துவிடும், அடிவயிற்றுச் சிவப்பு பல கோணங்களில் தெரியவே தெரியாது. நம்பத்தக்கவை கண் வழியாகப் பிடரிவரை ஓடும் தடித்த கறுப்புப் பட்டையும் வெள்ளைத் தொண்டையும்தான். பறக்கும்போது இறக்கை முனைக்கு அருகே கறுப்பின் நடுவே வெள்ளைத் திட்டு பளிச்சிடும். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருப்பதால் பால் பிரிக்க முயல வேண்டாம்.

குழப்பக்கூடியது செந்தலைப் பூங்குருவி. அதுவும் சருகைக் கிளறும். ஆனால் அதன் தலையும் மார்பும் ஆரஞ்சு, முதுகு நீலச்சாம்பல், வால் நல்ல நீளம்.

படி 4: உங்கள் தோட்டத்துக்கு வர வேண்டுமானால்

மர நிழலில் ஒரு மூலையையாவது பெருக்காமல் விடுங்கள். நான்கு விரற்கடை உயரம் சருகு சேர்ந்து, அடியில் ஈரம் தங்கினால் மண்புழுவும் பூச்சிகளும் தானாக வரும். பூச்சிமருந்து தெளித்தால் அவை போய்விடும், குருவியும் வராது. பூனை சுற்றும் இடத்தில் இந்த ஏற்பாட்டைச் செய்யாதீர்கள். தரையில் மேயும் பறவைக்கு அது பொறி.

வீட்டுக்குள் விழுந்துவிட்டால்

இரவில் வலசை போகும் பறவை என்பதால், அக்டோபர் வாக்கில் களைத்தோ விளக்கொளியில் குழம்பியோ வீடுகளுக்குள் வந்து விழுவதுண்டு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போனால் இறந்துவிடும். சோறும் ரொட்டியும் வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் தத்தத் தொடங்கினால், பகலில் புதர் அருகே திறந்துவிடுங்கள். இரவென்றால் விடியும்வரை பொறுங்கள். இறக்கை தொங்கினாலோ, எழுந்து நிற்கவில்லை என்றாலோ வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம்.