கர்ப்பகால மருந்தும் அரசியல் சண்டையும்: ஆதாரத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 செப்டம்பர் 22 அன்று வெள்ளை மாளிகையில் பேசிய அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் டைலெனால் எடுக்கக் கூடாது, அதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். டைலெனாலில் இருப்பது அசிட்டமினோஃபென், அதாவது பாரசிட்டமால். அன்றைய பேச்சு ஊரெல்லாம் பரவியது. அதே நாளில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. மருத்துவர்களுக்கு அனுப்பிய கடிதத்தைப் படித்தவர்கள் குறைவு. பல ஆய்வுகளில் தொடர்பு தென்படுகிறது, ஆனால் மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை, மாறான முடிவு தந்த ஆய்வுகளும் உள்ளன என்கிறது அந்தக் கடிதம். மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் வலி, காய்ச்சல் மருந்துகளில் கர்ப்பிணிகளுக்கு மிகப் பாதுகாப்பானது இதுதான் என்றும் சொல்கிறது. மேடையில் சொன்னது ஒன்று, தாளில் எழுதியது வேறு. பேச்சைக் கேட்டதும் மாத்திரையை நிறுத்துவதுதான் முதல் தவறு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. சொன்னவரைப் பிடிக்காததால் "இதெல்லாம் இட்டுக்கட்டியது" என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படியல்ல. 2025 ஆகஸ்டில் வெளியான ஒரு மதிப்பாய்வு, கர்ப்பகாலப் பாரசிட்டமாலுக்கும் ஆட்டிசம் போன்ற மூளை வளர்ச்சிக் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய 46 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கு மேல் தொடர்பைக் காட்டின. ஆனால் ஆய்வுகளின் தலையை எண்ணி ஓட்டுப்போட முடியாது. ஒரே குறை பத்து ஆய்வுகளில் இருந்தால், பத்தும் ஒரே திசையில்தான் தவறும்.

இங்கே அந்தக் குறை என்ன? யாரும் சும்மா மாத்திரை போடுவதில்லை. காய்ச்சல், தொற்று, ஒற்றைத் தலைவலி என்று ஏதோ ஒன்று இருப்பதால்தான் போடுகிறார்கள். மாத்திரை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிடும்போது, நோய் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுவிடுகிறோம். பரம்பரைக் கூறுகளும் இதில் கலந்துவிடும்.

இதைப் பிரித்துப் பார்க்க நல்ல வழி, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிடுவது. 2024-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு அதைத்தான் செய்தது. 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகள். பத்து வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள், கருவில் மருந்து படாத குழந்தைகளில் 1.33 சதவீதம், பட்டவர்களில் 1.53 சதவீதம். "15 சதவீதம் கூடுதல்" என்று இதைத் தலைப்புச் செய்தியாக்கிவிடலாம். ஆயிரம் குழந்தைகளில் 13 பேர், 15 பேர் என்று எழுதினால் அதே எண் வேறு மாதிரி தெரியும். எப்போதும் இந்த இரண்டாவது வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். தாயின் உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் 5 சதவீதமாகச் சுருங்கியது. ஒரு கர்ப்பத்தில் மருந்து எடுத்து இன்னொன்றில் எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது வித்தியாசமே இல்லாமல் போனது.

இந்த ஆய்வும் குறையற்றது அல்ல. மருந்து எடுத்ததாகப் பதிவானவர்கள் 7.5 சதவீதம்தான். கடையில் தாமாக வாங்கிப் போட்ட பலர் "எடுக்காதவர்" பட்டியலில் சேர்ந்திருப்பார்கள். அது உண்மையான வித்தியாசத்தையும் மங்கலாக்கும். ஆனாலும் இப்போது கையில் இருப்பவற்றில் அதிக எடை தரவேண்டியது இந்த வகை ஒப்பீட்டுக்கே.

அளந்த விதத்தையும் பாருங்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் மருந்தை அளந்த ஒரு ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். பாரசிட்டமால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பிரசவ நேரத்தில் எடுத்ததை அந்த ரத்தம் காட்டும், ஒன்பது மாதக் கதையைச் சொல்லாது.

அதிகம் தீங்கு செய்யும் தவறு ஒன்று உண்டு. மருந்தை விட்டால் ஆபத்தும் போய்விடும் என்று நினைப்பது. முதல் மூன்று மாதங்களில் வரும் கடும் காய்ச்சலுக்கும் குழந்தையின் மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத நரம்புக்குழாய்க் குறைபாட்டுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. பாரசிட்டமாலுக்குப் பயந்து ஐபுப்ரூஃபென் என்ற வேறு வலி மருந்துக்குத் தாவுவது இன்னும் மோசம். 20-ஆம் வாரத்துக்குப் பிறகு அதுவும், ஆஸ்பிரின் உள்ளிட்ட அதே வகை மருந்துகளும் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2020-இல் எச்சரித்தது. 30-ஆம் வாரத்துக்குப் பிறகு, சிசுவின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் முன்சூல்வலிப்பைத் தடுக்க மருத்துவர் கொடுக்கும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டும் விதிவிலக்கு. இந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது.

பீதி ஒரு மருந்தை விரட்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா முன்பே பார்த்திருக்கிறது. மசக்கை வாந்திக்கான பெண்டெக்டின், பிறவிக் குறைபாடு தருகிறது என்று தொடுத்த வழக்குகளின் நெருக்கடியில் 1983-இல் சந்தையை விட்டுப் போனது. பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. கடும் வாந்தியோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் கூடினார்கள். அதே கலவை, டாக்சிலமினும் பைரிடாக்சினும், 2013-இல் டைக்லெஜிஸ் என்ற பெயரில் அனுமதி பெற்றுத் திரும்பியது.

உண்மையான தீங்கு எப்படித் தெரியும் என்பதற்கு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டைப் பாருங்கள். அதை எடுக்கும் தாய்மாரின் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ பத்துப் பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. பொதுவாக அது மூன்று பேருக்குத்தான். டோஸ் கூடக்கூட ஆபத்து கூடுகிறது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் பார்த்தும் இதே முடிவுதான். பாரசிட்டமால் விஷயத்தில் இப்படி ஒரு தெளிவான வடிவம் இல்லை. வால்ப்ரோயேட்டையும் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வரும் வலிப்பு தாயையும் சிசுவையும் கொல்லக்கூடும்.

கர்ப்பத்தில் ஒரு மருந்து எவ்வளவு ஆபத்து என்று காட்டிய ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்து வகைப்பாட்டை இன்னும் தேடுகிறவர்கள் அதை விட்டுவிடலாம். 2015 முதல் எஃப்.டி.ஏ. அதைக் கைவிட்டு, ஆதாரத்தை விளக்கி எழுதும் முறைக்கு மாறிவிட்டது.

மிச்சம் இருப்பது அட்டைப்பெட்டியின் பின்பக்கம். சாதாரண டைலெனால் மாத்திரையில் 325 மில்லிகிராம், எக்ஸ்ட்ரா ஸ்ட்ரெங்த்தில் 500. நைக்வில், டேக்வில் போன்ற சளி மருந்துகளிலும் அசிட்டமினோஃபென் இருக்கிறது. தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று எடுத்தால் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகும். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரல் அடிபடும். எக்ஸ்ட்ரா ஸ்ட்ரெங்த் அட்டையே 3,000-இல் நிறுத்தச் சொல்கிறது. தலைவலிக்கான எக்ஸெட்ரினில் எக்ஸ்ட்ரா ஸ்ட்ரெங்த், மைக்ரேன் வகைகளை வாங்கினால் ஒவ்வொரு மாத்திரையிலும் 250 மில்லிகிராம் ஆஸ்பிரின் சேர்ந்தே வரும். கர்ப்பிணிக்கு அது ஏற்றதல்ல.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மருத்துவரை அழையுங்கள். கர்ப்பம் எத்தனையாவது வாரம், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எதற்காக என்ற ஐந்தையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் கர்ப்பகால மருந்துகள் பற்றித் தகவல் தரும் மதர்டுபேபி சேவையிடம் இதே கேள்விகளை இலவசமாகக் கேட்கலாம்.