சுங்கை சிப்புட் போகிறீர்களா? பழைய கேசட் கடையையும் ஒரு எட்டு விசாரியுங்கள்

மெல்பர்ன், லண்டன் என்று குடியேறிவிட்ட நம் மலேசியத் தமிழர்கள் ஊருக்கு வரும்போது எங்கே சாப்பிடலாம் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்லப் போவது வேறு. சம்பளம் போட்ட மறுநாள் அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு மோட்டாரில் போய் நின்ற ரெக்கார்டு கடை ஒன்று இருந்ததே, அதில் இன்று என்ன மிச்சம், அதை எங்கே தேடுவது என்பது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை வைத்துச் சொல்கிறேன். பீடோருக்கும் சுங்கை பட்டாணிக்கும் பெரிதாக மாற்றிச் சொல்ல வேண்டியிருக்காது.

பயண விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள், சிங்கப்பூரர் போன்ற சிலர் நீங்கலாக, வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் மலேசிய வருகை அட்டையை நிரப்ப வேண்டும். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் இடிஎஸ் ரயில்களில் சில சுங்கை சிப்புட்டில் நிற்கும், சில நிற்காது. பார்த்து டிக்கெட் எடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் ஈப்போவில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். தைப்பூசம், தீபாவளி சமயத்தில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

எப்போது வருவது? என்னைக் கேட்டால், உங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா நடக்கும் வாரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல இடங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், ஆட்கள் தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்புகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அந்தச் சனம் திரும்ப ஓரிடத்தில் கூடுவது திருவிழாவுக்குத்தான். நீங்கள் பத்து வீடு ஏறி இறங்கி விசாரிக்க வேண்டியதை அங்கே ஒரு சாயங்காலத்தில் விசாரித்துவிடலாம். தோட்டம் தனியார் நிலம் என்பதை மட்டும் மறக்காதீர்கள், காவல் கொட்டகையில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

சுங்கை சிப்புட் என்றால் வரலாற்றுப் புத்தகம் 1948 ஜூன் 16ஐச் சொல்லும். அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்துத்தான், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேயர் அறிவித்த மலாயா அவசரகாலம் பிறந்தது. அப்புறம் இந்தத் தொகுதியின் எம்.பி.யாகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனைச் சொல்வார்கள், தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில் 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்வார்கள். பாட்டுக் கடைக்கு அந்தப் புத்தகங்களில் இடமில்லை. ஆனால் லயத்து வீட்டுக்குள் டி.எம்.எஸ். குரலும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும் வந்து சேர்ந்தது வானொலி வழியாகப் பாதி என்றால் அந்தக் கடை வழியாகப் பாதி.

தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு இசைத்தட்டைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. நாய் படம் போட்ட எச்எம்வி தட்டும் கொலம்பியா தட்டும் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி ஊர் ஊராகப் போனவை. இங்கே கிடைக்கிற அதே படப் பாட்டு சென்னையிலும் கிடைக்கும், அநேகமாக இதைவிட நல்ல நிலையில். இந்த ஊருக்கென்றே உள்ள சரக்கு, கடைக்காரர் கையால் பதிவு செய்து கொடுத்த கேசட்.

எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கடையில் தடித்த நோட்டு ஒன்று இருக்கும். படத்தின் பெயர், பாட்டின் முதல் வரி, பக்கத்தில் எண். வேண்டிய எண்களைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, டிடிகே அறுபதோ தொண்ணூறோ காலிக் கேசட்டுக்குக் காசு கட்டிவிட்டு வர வேண்டியது, அடுத்த வாரம் போய் வாங்கிக்கொள்ள வேண்டியது. அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். கேட்ட பாட்டெல்லாம் ஏறிய பிறகு கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் காலியாக நிற்கும். அதை வெறுமனே விட மனம் வராத கடைக்காரர்கள், யாரும் கேட்காத ஒரு பாட்டைத் தாங்களாகவே போட்டு நிரப்புவார்கள். வீட்டில் பழைய கேசட் இருந்தால் இரண்டு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கேட்டுப் பாருங்கள், அந்த மனிதரின் ரசனை அங்கேதான் தெரியும். பட்டியல் கொடுத்தது உங்கள் அப்பா, ஆனால் அந்தக் கடைசிப் பாட்டை வீட்டுக்குள் அனுப்பியது கடைக்காரர். தோட்டத்து இசைக்குழுப் பையன்கள் பாட்டு கற்றுக்கொண்டதும் இப்படி வந்த கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டித்தான்.

ஆகவே கடையைக் கண்டுபிடித்தால் முதலில் கேட்க வேண்டியது அந்த நோட்டை. கடை இப்போது கைப்பேசி உறையோ பூசைச் சாமானோ விற்றுக்கொண்டிருக்கும், பலகையும் மாறியிருக்கும். பக்கத்து முடிதிருத்தும் கடை, நகைக்கடை, பழைய போட்டோ ஸ்டூடியோ, இவர்களுக்குத் தெரியும் முதலாளி குடும்பம் எந்தத் தாமானில் இருக்கிறது என்று. வீட்டிலுள்ள தட்டின் காகித உறையையும் புரட்டிப் பாருங்கள். மூலையில் ஊதா மையில் கடை முத்திரை, முகவரியோடு இருந்தாலும் இருக்கும். நடுவட்டத்தில் பேனாவால் முதலெழுத்தோடு யாராவது பெயர் எழுதியிருந்தால், தட்டு கல்யாணத்துக்கோ திருவிழா மைக்செட்டுக்கோ இரவல் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மைக்செட்டுக்காரர்களையும் விசாரியுங்கள், கடையில் கணக்கு வைத்து வாங்கியவர்கள் அவர்கள்.

பழைய கடை முதலாளியான பெரியவர் வீட்டுக்குப் போனால் அவர்தான் முதலில் கேட்பார்: “நீங்க எந்தத் தோட்டம்? அப்பா பேரு என்ன?” ஆங்கிலப் பெயரைச் சொல்லாமல் தோட்டத்தைத் தமிழில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லுங்கள். “ஐயா, இதை எவ்வளவுக்குக் கொடுப்பீங்க” என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிடாதீர்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கிள்ளானில் பிறந்த மலேசியா வாசுதேவன் பேச்சை எடுங்கள். 1977இல் ‘16 வயதினிலே’ வந்தபோது நம்மூர் ஆள் பாடியிருக்கிறார் என்று இங்கே எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் பேச வேண்டியிருக்காது. அவர் சரி என்றால் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டைக் கொடுக்கச் சொல்லாதீர்கள், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு அதன் ஒரு பிரதியை அவர் பேரப்பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.

தட்டுதான் வேண்டும் என்று நிற்பவர்கள் ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழைய சாமான் சந்தையான பாசார் காராட், பினாங்கில் லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயாவில் சனி ஞாயிறு அம்கோர்ப் மால், இங்கெல்லாம் பார்க்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். இந்தியப் படப் பாட்டைவிட உள்ளூர்க் குழுக்கள் வெளியிட்ட கேசட் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அது திரும்ப அகப்படுவது கஷ்டம்.

இனி, கிடைத்ததைக் கெடுக்காமல் கொண்டுபோவது. நம்மூர் ஈரப்பதத்துக்குக் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளையாக மாவு தூவியதுபோல் தெரிந்தால் அதை ஓட்டாதீர்கள். நாடா கெடுவதோடு பூஞ்சை இயந்திரத்தில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பதன் பின்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். இன்னும் உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், பிள்ளைகள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் பாட்டு அழியாது. கணினியில் ஏற்றும்போது ஒரே தடவையில் வேவ் கோப்பாக ஏற்றுங்கள், எம்பி3 பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதை யூடியூப்பில் போடும் ஆசை வேண்டாம், உரிமை பாட்டு நிறுவனத்துடையது.

விமான நிலையத்தில் பெட்டியைப் பார்க்கும் எக்ஸ்ரே கேசட்டை ஒன்றும் செய்யாது. வெயிலில் நிற்கும் காரில் எல்பி இசைத்தட்டை வைத்தால்தான் ஆபத்து, மத்தியானத்துக்குள் நெளிந்துவிடும். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றும் பழைய தட்டு அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் உடையும், அதனால் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அதன் பள்ளம் அகலமானது, எல்பி முள் அடியில் போய் உரசும், தனி முள் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் மரப்பெட்டி கிராமபோன் வைத்திருந்தால் வருகை அட்டையில் மரப்பொருள் கேள்விக்கு ஆம் என்று குறியுங்கள். காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள், பூச்சி அரித்த தடம் இல்லாதவரை.