பிரீமியம் இருக்கட்டும், ரூம் வாடகை என்ன போட்டிருக்கிறது? தமிழ்நாட்டில் மருத்துவக் காப்பீடு எடுப்பவர்களுக்கு

உங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ளா? அப்படியானால் ஏஜென்ட்டுக்கு போன் போடும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்கி வையுங்கள். பிரீமியம் அரசு கட்டுகிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பலர் ஆளை அட்மிட் செய்துவிட்டுத்தான் வருமானச் சான்றுக்கு அலைகிறார்கள், அந்த நேரத்தில் அது பெரிய தலைவலி.

இந்த அட்டை எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லாது. பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரியில், பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான், அதிலும் இதயத்துக்கு அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி சிறுநீரகத்துக்கும் பெற்றிருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது, சேரும் முன் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சரி, வருமானம் அதற்கு மேல் என்றால் தனியார் பாலிசிதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது, முன்பு 18 சதவீதம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் விலை குறைந்த பாலிசியாகப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். கையை விட்டுப் போகும் பணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ரூம் வாடகை வரம்புதான்.

5 லட்ச ரூபாய் பாலிசியில் ‘ரூம் வாடகை 1 சதவீதம்’ என்று இருந்தால் ஒரு நாளைக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் 4 நாள் இருக்கிறீர்கள். வாடகை வித்தியாசம் 12,000 தானே, கட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்களையும் அதே 8-க்கு 5 கணக்கில் வெட்டுவார்கள். அவை 1,60,000 என்றால் கிடைப்பது 1,00,000, மொத்தம் 72,000 உங்கள் தலையில். மருந்து, இம்ப்ளான்ட், ஸ்கேன், டெஸ்ட், ஐசியூ ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டு வெட்டக் கூடாது. அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் இந்த வெட்டு கூடாது, பில்லில் வெட்டியிருந்தால் சண்டை போடுங்கள். என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடக் கட்டியாவது வரம்பில்லாத பாலிசி, அல்லது ‘தனி ஏசி அறை’ என்று எழுதிய பாலிசி எடுப்பேன்.

அடுத்தது கோ-பே. 20 சதவீதம் என்றால் ஏற்கப்பட்ட ஒவ்வொரு கிளெய்மிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. மூத்தவர்களுக்கான பாலிசிகளில் இது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

பெரிய தொகை வேண்டும், பட்ஜெட் இடிக்கிறது என்றால் 5 லட்ச பாலிசியோடு, சூப்பர் டாப்-அப் சேர்க்கலாம், அதாவது செலவு 5 லட்சத்தைத் தாண்டிய பிறகு மீதியைக் கொடுக்கும் கூடுதல் பாலிசி. வெறும் டாப்-அப் வேண்டாம், அது ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், சூப்பர் டாப்-அப் வருட மொத்தத்தைப் பார்க்கும்.

அப்புறம், “சுகர் எல்லாம் போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்” என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். சொல்லிவிட்டு எடுத்தால் அந்த நோய்க்கான கிளெய்முக்கு அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிளெய்மும் போகும், பாலிசியும் போகலாம்.

பாலிசி கைக்கு வந்ததும் ரூம் வாடகை, கோ-பே, காத்திருப்பு பற்றிய இடங்களைப் படியுங்கள், பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கிளெய்மை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.