ஈஸ் முதல் பாகத்துக்குத் திரும்பிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் நிஹான் ஃபால்காம் நிறுவனம் 1987 ஜூனில், என்இசியின் பிசி-8801 கணினிக்காக 'ஈஸ்' விளையாட்டை வெளியிட்டது. எட்டு பிட் காலத்து ஆக்‌ஷன் ஆர்பிஜிகளில், அதாவது ஒரு நாயகனாக நேரடியாகச் சண்டையிட்டு வலுவை வளர்த்துக்கொண்டு போகிற விளையாட்டுகளில், இன்றும் உட்கார்ந்து ஆடத் தகுந்தவை சிலதான். அவற்றில் இதற்குத்தான் நான் முதல் இடம் தருவேன். ஆனால் ஆசையோடு இதைத் திறக்கிற பலர் அரைமணி நேரத்துக்குள் மூடிவிடுகிறார்கள். விளையாட்டு பழசாகிப் போனது அதற்குக் காரணமில்லை. இன்றைய விளையாட்டுகளின் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் இதன்மேல் போடுவதுதான் காரணம்.

முதல் தவறு சண்டையிலேயே நடக்கிறது. இதில் வாள் வீசுவதற்குத் தனி பட்டன் கிடையாது. நாயகன் அடோல் எதிரியின்மேல் போய் மோதினால் அதுதான் அடி. இதைக் கேள்விப்பட்டதும் நேராகப் போய் முட்டுகிறார்கள். முகத்துக்கு முகம் மோதினால் இரண்டு பேருக்குமே அடி விழும். ஆரம்பத்தில் அடோலின் உயிர்க்கோடு சின்னது என்பதால் இரண்டு மூன்று மோதலில் ஆட்டம் முடிந்துவிடும். செய்ய வேண்டியது இதுதான்: எதிரி உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால், அவன் இருக்கிற அதே வரிசையில் போகாமல் அரை உடல் மேலேயோ கீழேயோ தள்ளிக்கொண்டு இடப்பக்கமாக அழுத்துங்கள். நெரிசலான பேருந்தில் தோளை முன்னால் கொடுத்து நுழைவோமே, அதுபோல. உடலின் ஒரு பாதி மட்டும் எதிரிமேல் படும்போது அவனுக்குத்தான் அடி, உங்களுக்கு இல்லை. அடிபட்டவன் பின்னால் தள்ளப்படுவான். விடாமல் அதே கோட்டில் அழுத்திக்கொண்டே போனால் அடுத்தடுத்த அடிகளும் விழும். அவன் திரும்பினால் நீங்களும் வரிசையை மாற்ற வேண்டும். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ மோதுவதும் பாதுகாப்பானது. கை இதற்குப் பழகியதும் சண்டை ஓட்டமாகிவிடும். வயல்வெளியைக் கடக்கிற வேகத்திலேயே நான்கைந்து எதிரிகளைத் தள்ளிக்கொண்டு போகலாம். வேறெந்த விளையாட்டிலும் கிடைக்காத சுகம் அது.

இந்த இடத்தில் எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள் என்பது முக்கியம். மூலப் பதிப்பில் நான்கு திசையில்தான் நகர முடியும். பின்னால் வந்த மறுஆக்கமான கிரானிக்கிள்ஸ் பதிப்பில் குறுக்காகவும் நகரலாம் என்பதால் உரசிப் போவது எளிது. 1988இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வந்த பதிப்பில் நிலவரைபடங்களே மாற்றப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டு சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் கருவிக்கு வந்த ஆங்கிலப் பதிப்பில் நாயகனின் பெயரே ஆரோன். ஆகவே ஒரு பதிப்புக்கு எழுதிய வழிகாட்டியை வைத்துக்கொண்டு இன்னொன்றை ஆடாதீர்கள். சுரங்கத்துக்குள் தொலைந்துபோய், தவறு தன்மேல்தான் என்று நினைத்துச் சலித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மூலத்துக்கு நெருக்கமாக, படிக்கக்கூடிய மொழியில் ஆட வேண்டுமென்றால் கிரானிக்கிள்ஸ் போதும். 2013 முதல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கிடைக்கிறது.

அடுத்தது, கடையில் வாங்கியதோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவது. மினியா ஊரில் வாள், கேடயம், கவசம் எல்லாம் வாங்கலாம். ஆனால் வாங்கினால் மட்டும் போதாது, பையைத் திறந்து அதை நீங்களே அணிவிக்க வேண்டும். வெறுங்கையோடு வெளியே போய் முதல் எதிரியிடமே விழுந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

உயிர் குறைந்ததும் மருந்தைத் தேடுவதும் தேவையில்லாத வேலை. வெளி நிலத்தில் சும்மா ஒரு இடத்தில் நின்றாலே உயிர் தானாக ஏறும். நிலவறைகளுக்குள் ஏறாது. அங்கே குணமாக்கும் மோதிரம் வேண்டும். மொத்தம் ஐந்து மோதிரங்கள் உண்டு. ஒன்று அடியின் வலுவைக் கூட்டும், ஒன்று வாங்குகிற அடியைக் குறைக்கும், ஒன்று எதிரிகளை மெதுவாக்கும். ஆனால் பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு நடக்கும் சண்டைகளில் இவை கைகொடுக்காது. அங்கே எதிரிகளை வீழ்த்தி ஏறுகிற உங்கள் லெவலும் ஆயுதமும்தான் பேசும்.

லெவல் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் மற்ற ஆர்பிஜிகளைப் போல மணிக்கணக்கில் எதிரிகளைக் கொன்று குவிக்கிறார்கள். இங்கே லெவல் 10தான் உச்சம். கடைசிக் கோபுரத்துக்கு முன்னாலேயே அதைத் தொட்டுவிடலாம், அதற்கு மேல் எதிரிகளை வேட்டையாடுவதில் பயனே இல்லை. இன்னும் சிலர் லெவலைக் கவனிக்காமலே பாஸ் அறைக்குள் போய்விடுகிறார்கள். மொத்தமே பத்து லெவல் என்பதால் ஒவ்வொன்றும் பெரிய படி. ஒரு லெவல் குறைந்தால் உங்கள் அடி எதிரிமேல் ஏறவே ஏறாது. இது நன்றாகத் தெரிகிற இடம் சுரங்கத்தில் வரும் வாகூலியன் என்ற பாஸ். வௌவால் கூட்டமாகச் சிதறி அறையெங்கும் பறந்து, ஒரு நொடி ஒன்றுகூடி உருவெடுக்கும். அந்த நொடியில் மட்டும்தான் அடிக்க முடியும். விரட்டிக்கொண்டு ஓடுவது வீண். வௌவால்கள் வரும் வழியிலிருந்து விலகி, கூடுகிற இடத்தைக் கணித்து அருகில் நில்லுங்கள். அப்படியும் உயிர்க்கோடு அசையவில்லை என்றால் வெளியே வந்து லெவலைக் கூட்டிக்கொண்டு போங்கள். லெவல் இல்லாமல் திறமையை மட்டும் நம்பி இவனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எனக்கு வருத்தம் தருகிற தவறு வேறொன்று. ஊர் மக்களோடு பேசாமல் ஓடுவது. ஜப்பானியக் கணினி ஆர்பிஜிகள் அப்போது விளையாடுபவரைத் திணறவைப்பதில் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஃபால்காமே 1985இல் தந்த ஸானடு அப்படிப்பட்டதுதான். அந்தச் சூழலில் இனி ஆர்பிஜிக்குக் கனிவின் காலம் என்ற பொருளில் விளம்பரம் செய்து வந்தது ஈஸ். இயக்குநரும் நிரலாளருமான மசாயா ஹாஷிமோட்டோவும் கதை எழுதிய தொமோயோஷி மியாசாகியும் அந்தக் கனிவை ஊர்க்காரர்களின் வாயில்தான் வைத்தார்கள். குறி சொல்லும் சாரா வழிகாட்டுகிறாள். செபிக் கிராமத் தலைவரிடம் காணாமல் போன வெள்ளி மணியைச் சேர்த்தால் வலு மோதிரம் கிடைக்கிறது. கவிஞர் ரியா தன் வெள்ளி ஹார்மோனிகாவைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறாள். ரோடா மரங்கள் பேசுவதைக் கேட்க, ரோடா விதையைத் தின்றிருக்க வேண்டும். இவ்வளவும் ஊருக்குள் பேச்சுவாக்கில் காதில் விழுபவை. ஒரு பெரிய திருப்பம் முடிந்ததும் மினியாவுக்குத் திரும்பி எல்லாரிடமும் ஒரு சுற்று பேசிவிடுங்கள். சொல்வது மாறியிருக்கும்.

சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இசையில் பெரும்பங்கு யூசோ கோஷிரோவுடையது, அப்போது அவருக்கு வயது 19. மியேகோ இஷிகாவாவும் இசையமைத்திருக்கிறார். கையிலிருந்தது ஒரே நேரத்தில் ஆறு ஒலிகளை மட்டும் எழுப்பக்கூடிய சிப். முதன்முதலாக ஊர் எல்லையைத் தாண்டி வயல்வெளியில் கால் வைக்கும்போது தொடங்குகிற மெட்டைக் கேளுங்கள். ஓட வேண்டும் என்று காலே சொல்லும். மோதி ஓடுகிற சண்டையின் வேகமும் அந்த மெட்டின் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற விதத்தில்தான் இந்த விளையாட்டின் உயிரே இருக்கிறது.

கடைசிக் கட்டமான டார்ம் கோபுரத்துக்குள் நுழைந்தால் திரும்ப ஊருக்கு வர முடியாது. அதனால் நுழையும் முன் ஆட்டத்தைச் சேமித்து, தனி இடத்தில் ஒரு சேவ் வைத்துவிடுங்கள். ஒரே சேவின்மேல் மறுபடி மறுபடி எழுதுகிற பழக்கம் இங்கே ஆபத்து. கோபுரத்தில் சுவரை உடைத்துக்கொண்டு வரும் டோகியைச் சந்திப்பீர்கள். இந்தத் தொடரின் பல பாகங்களில் அடோலோடு வரப்போகும் நண்பர் அவர். மேலே போகப்போக, வெள்ளி ஆயுதங்களைவிட வலுவானவை கிடைக்கும். கடைசி எதிரி டார்க் ஃபாக்டிடம் அவற்றை நம்பாதீர்கள். அவன்மேல் வெள்ளி வாள்தான் ஏறும், வெள்ளிக் கேடயமும் வெள்ளிக் கவசமும்தான் காக்கும். மூன்றையும் உள்ளே போகும் முன்பே அணிந்துகொள்ளுங்கள். அவனை அடிக்கிற இடத்தில் தரை காணாமல் போகும் என்பதால் அறையின் நடுவில் வைத்து அடித்து உங்கள் வழியை நீங்களே அடைத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், அவனை வென்றதோடு நிறுத்திவிடாதீர்கள். அடோல் தேடிச் சேர்க்கிற ஈஸின் ஆறு நூல்களும் கைக்கு வந்த அந்த இடத்தில் கதை பாதிதான் முடிந்திருக்கும். மீதி 1988இல் வந்த இரண்டாம் பாகத்தில், அந்த நொடியிலிருந்தே தொடர்கிறது. கிரானிக்கிள்ஸில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இரண்டாம் பாகத்தில் மந்திரங்கள் உண்டு. அதில் ஒன்று அடோலை அரக்க உருவுக்கு மாற்றும். அந்த உருவில் போனால் இதுவரை மோதிக்கொண்டிருந்த அரக்கர்கள் உங்களோடு பேசுவார்கள். அவர்களிடமும் ஒரு சுற்று பேசிப் பாருங்கள்.