சமவெளியில் 90 பாகைச் சரிவு: வெள்ள அபாய வரைபடத்தில் நான் தொலைத்த நான்கு நாட்கள்

உயரம், சரிவு, மழை, ஆற்றுத் தூரம், நிலப்பயன்பாடு ஆகிய ஐந்து அடுக்குகளுக்கும் ஏஹெச்பி முறையில் (காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு முக்கியத்துவம் கணக்கிடும் முறை) எடை கொடுத்து வெள்ள அபாய வரைபடம் போட்டேன். ஆற்றை ஒட்டிய சமவெளியிலேயே 'அபாயம் குறைவு' என்று புள்ளி புள்ளியாக வந்தது.

முதலில் எடைகளைச் சந்தேகித்தேன். அந்த ஒப்பீடுகளின் அட்டவணையான இணை ஒப்பீட்டு அணியை மூன்று முறை திருத்தினேன். ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று காட்டும் ஒத்திசைவு விகிதம், ஏற்கத்தக்க வரம்பான 0.10-க்குக் கீழேதான் இருந்தது. எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த) உயரத் தரவை மறுபடி இறக்கி, அதிலுள்ள போலிப் பள்ளங்களையும் நிரப்பிப் பார்த்தேன். புள்ளிகள் போகவில்லை.

கடைசியில் சரிவு அடுக்கின் ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த மதிப்பு எத்தனை பிக்சலில் இருக்கிறது என்று காட்டும் படத்தை, திறந்தேன். இரண்டே முகடுகள்: 0, 90. இடையில் ஒன்றுமில்லை. நிறம் தீட்டிய படத்தில் இது கண்ணில் படவே படாது.

காரணம் அலகு: உயரம் மீட்டரில், கிடைத்தூரம் அட்சரேகை-தீர்க்கரேகைப் பாகையில். ஒரு பிக்சல் சுமார் 30 மீட்டர். ஆனால் மென்பொருளுக்கு அது 0.00028 (பாகை); அதையும் மீட்டர் போலவே எடுத்துக்கொண்டது. பக்கத்துப் பிக்சல் ஒரு மீட்டர் உயர்ந்தாலே செங்குத்துச் சுவர்! செங்குத்தான இடத்தில் நீர் தேங்காது என்பதால் அங்கே 'அபாயம் குறைவு'.

உயரத் தரவை முதலில் யுடிஎம்-க்கு (கிடைத்தூரத்தை மீட்டரில் தரும் வரைபட ஆயமுறை) மாற்றி, அதன்பிறகு சரிவைக் கணக்கிட்டேன். மாற்றும்போது பைலீனியர் முறையை (அருகிலுள்ள நான்கு பிக்சல்களின் எடையிட்ட சராசரி) தேர்ந்தெடுங்கள்; 'அருகிலுள்ள பிக்சல்' முறையில் சரிவில் கோடுகள் விழும். எடைகளைத் தொடாமலே புள்ளிகள் மறைந்தன. அப்பாடா!