எத்தியோப்பியா ஸ்டைல்ல வீட்டுல காபி போடுறது எப்படி?

எத்தியோப்பியால விருந்தாளி வந்தா உள்ள போய் காபி போட்டு எடுத்துட்டு வர்ற பழக்கம் இல்ல, வந்தவங்க கண்ணு முன்னாடியே பச்சைக் கொட்டையில இருந்து ஆரம்பிப்பாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால லீவு நாளா பாத்து வச்சுக்கோங்க.

வறுக்காத அராபிகா கொட்டை வாங்கணும், பாக்கெட்ல யிர்காசெஃபே, சிடாமா, ஹரார்னு ஊர் பேர் இருக்கான்னு பாருங்க. இந்தப் பேருக்கெல்லாம் டிரேட்மார்க் கேட்டு எத்தியோப்பிய அரசு 2005ல அமெரிக்கால அப்ளை பண்ணி, இழுபறிக்கு அப்புறம் 2007ல ஸ்டார்பக்ஸ்ங்கிற அமெரிக்க காபிக் கடை கம்பெனியோட ஒப்பந்தம் போட்டாங்க. எத்தியோப்பியாவோட ஏற்றுமதில ரொம்ப காலமா முதலிடம் காபிக்குத்தான் இருந்துச்சு, அந்த நாட்டுப் பணமான பிர்ல பழைய 5 பிர் நோட்டுலயே காபி பறிக்கிற ஆள் படம் இருக்கும், விளையறதும் பெரும்பாலும் சின்ன விவசாயிங்க நிலத்துல, அப்ப அந்தப் பேருக்கு உண்டான காசு அவங்களுக்குப் போறதுதானே நியாயம்!

கொட்டைய தண்ணில தேச்சு கழுவி வடிச்சுட்டு இரும்பு வாணலில மிதமான தீயில கை ஓயாம கிளறுங்க. மஞ்சளாகி, பழுப்பாகி, படபடன்னு வெடிக்கும், மேல எண்ணெய் மினுமினுன்னு தெரிஞ்சதும் இறக்கிடுங்க. உடனே வாணலிய ஒவ்வொருத்தர்கிட்டயும் கொண்டு போங்க, கையால புகைய இழுத்து மோந்து பாக்கட்டும், இத மட்டும் விட்டுடாதீங்க, பாதி சந்தோஷமே இதுலதான் இருக்கு. அங்க தரையில பச்சைப் புல்லு பரப்பி குந்திரிக்கம் புகையும் போடுவாங்க.

அப்புறம் உரல்ல இடிக்கணும், மிக்ஸின்னா விட்டு விட்டு ஓட்டுங்க. ஜெபனான்னு ஒரு மண் கூஜா, அடி உருண்டையா கழுத்து நீளமா இருக்கும், அதுல தண்ணி கொதிச்சதும் தூளப் போட்டு, கழுத்து வரைக்கும் பொங்கி வர்றப்ப இறக்கி, சாய்ச்சு வச்சு மண்டி அடியில படியுற வரைக்கும் விடுங்க. பிடியில்லாத குட்டி கப்புகள பக்கத்து பக்கத்துல ஒட்டி வச்சு, கொஞ்சம் உயரத்துல இருந்து ஒரே தாரையா ஊத்திக்கிட்டே போகணும், நடுவுல நிறுத்தி கூஜாவ நிமித்தினா மண்டி கலங்கிடும். முதல் கப் பெரியவங்களுக்கு. பால் சேக்காதீங்க, சர்க்கரை போதும், அங்க சில ஊர்ல உப்போ வெண்ணெயோ போடுறாங்க, அருவதா மாதிரி ஒரு இலையும் போடுறதுண்டு. தொட்டுக்க பாப்கார்ன்.

குடிச்சதும் அதே மண்டில தண்ணி ஊத்தி ரெண்டாவது, மூணாவது தடவையும் கொதிக்க விடுங்க, புதுத்தூள் போடக்கூடாது. அபோல், தோனா, பரகான்னு மூணு சுத்து, போகப்போக லைட்டாகும். பரகா குடிக்காம எந்திரிச்சா அங்க மரியாதைக்குறைவு, வர்றவங்ககிட்ட இத முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.