பஞ்சிகாவத்தைக்குப் போகாமல் தப்பிய ஒட்டோ கியர்பொக்ஸ்

2003 ஆம் ஆண்டு ஜப்பான் கார், நான்கு கியர் ஒட்டோ. கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வரும்போது நன்றாகச் சூடேறியதும் கியர் மாறாமல் இஞ்சின் மட்டும் இரையும், பிறகு மாறினால் பலமாக ஒரு குலுக்கல்.

கராஜ்காரர் ஓட்டிப் பார்த்த கையோடு, "தம்பி, பொக்ஸ் முடிஞ்சுது, பஞ்சிகாவத்தையில ஒன்று எடுப்பம்" என்றார். கொழும்பில் பாவித்த வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் இடம் அது. எடுக்கலாம்தான், ஆனால் பாவித்த பொக்ஸ் எவ்வளவு ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

முதலில் ஸ்கானர் போடச் சொன்னேன். பி0755 என்ற குறியீடு வந்தது, அதாவது கியர் மாற்ற ஒயில் பாதையைத் திறந்து மூடும் மின் வால்வான ஷிஃப்ட் சொலினொயிட் 'பி'யில் கோளாறு. சரி, கியர்பொக்ஸின் அடியில் இருக்கும் ஒயில் பானையும் (தட்டு) கழற்றிப் பார்ப்போம் என்றேன். ஒயில் கறுத்திருந்தாலும் கருகிய மணம் இல்லை. பானுக்குள் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறப் பசை மட்டும், விரலால் தேய்த்தால் கிறீஸ் போல வழுக்கியது, உறுத்தவில்லை. அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் வந்திருந்தால் நானும் பஞ்சிகாவத்தைக்குத்தான் போயிருப்பேன்.

சொலினொயிட்டையும் ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் சொன்ன அதே வகை ஏடிஎஃப், அதாவது ஒட்டோ கியர் ஒயில், விட்டோம் (சில இடங்களில் எல்லாக் காருக்கும் ஒரே ஒயில்தான், போத்தலைக் கண்ணால் பாருங்கள்). பானில் வடிவது ஒரு பகுதிதான், மிச்சம் இஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கொன்வேர்ட்டரில் நிற்கும், அதனால் கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி வடித்து நிரப்பினோம். அளவு பார்த்தது இஞ்சின் ஓடும்போது, சூடாக, டிப்ஸ்டிக்கில்.

கியர் இப்போது ஒழுங்காக மாறுகிறது. ரிவேர்ஸ் போடும்போது மட்டும் சின்னதாக ஒரு தட்டு, இஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்டாக இருக்கலாம், அது அடுத்த மாதச் செலவு.